வருசநாட்டிலிருந்து வந்த துடிப்பு

ஐப்பசி, வியாழன் இரவு.

நோயாளிகளின் நெஞ்சில் ஒட்டிய பட்டையிலிருந்து அவர்கள் போன் வழியாக வரும் இதயத் துடிப்பை ஆஸ்பத்திரித் திரையில் கவனிப்பதுதான் என் வேலை. வருசநாட்டு மூக்கையாவிடமிருந்து காலை முதல் எதுவும் வரவில்லை. மலைக்காட்டில் டவர் கிடைக்காது என்று இருந்துவிட்டேன். சாயங்காலம் துடிப்பு வந்தது. நிம்மதியாக அவர் போனுக்கு அழைத்தேன். மனைவி எடுத்தார்.

"மத்தியானமே காட்டுல நெஞ்சடைச்சு விழுந்துட்டாகம்மா. உசுரு போயிருச்சு. ஜீப்புல கொண்டாரோம்."

"இங்க துடிப்பு வருதேக்கா!" வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"அப்ப உசுரு இருக்காம்மா? ஏலே, வண்டிய வெரசா விடு!"

போனில் தேங்கியிருந்த காலைத் துடிப்புகள்தான், டவர் கிடைத்ததும் வந்துகொண்டிருந்தன. அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். ஜீப் சத்தம் மட்டும் கேட்டது. திரையில் மூக்கையா இன்னும் மலை ஏறிக்கொண்டிருந்தார்.