டம்ளர் கடை அண்ணனுக்கு

என் பிரியமான சுப்பையா அண்ணனுக்கு,

நேற்று உங்களுக்கு முதல் தெவசம். நீங்கள் விரும்பித் தின்னும் மொச்சைக் குழம்பு வைத்து, இலை போட்டுப் படைத்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல்தான். நீங்கள் இருந்திருந்தால் முகத்தைச் சுளித்திருப்பீர்கள்.

ஆனால் இதைச் சொல்ல நான் எழுத உட்காரவில்லை. உங்களுக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை நேற்று மீறிவிட்டேன் அண்ணே. அதை என் வாயாலேயே நீங்கள் கேட்க வேண்டும்.

முன்கடை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. போன மாசம் ஒருவர் தையல் மெஷின் கடை வைக்க வாடகைக்குக் கேட்டு வந்தார். சுவர் நெடுக அடித்திருந்த ஆணிகளைப் பார்த்துவிட்டு, "இங்குட்டு முன்னாடி என்ன கடை இருந்துச்சு?" என்றார். பாத்திரக் கடை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதிலும் பாதி உண்மை இருக்கிறதே.

மதுவிலக்கை எடுத்த வருஷம் பினாங்கிலிருந்து வந்து இறங்கினீர்கள். துரைமார் கிளப்பில் சரக்குக் கலந்த கை என்று அலட்டிக்கொண்டு, 'காக்டெயில் பார்' என்று போர்டு எழுதி மாட்டினீர்கள். பிராந்தியில் எலுமிச்சம்பழம், நன்னாரி, கொஞ்சம் சுக்குத் தண்ணீர். கிளப்பில் கற்ற வித்தை என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். பின்கட்டில் புகைக்குள் நின்று சுக்குத் தண்ணீர் காய்ச்சிய என்னைப் பற்றி யாரிடமாவது ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

அந்தப் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்தவர்கூடக் கிடையாது. தெருவுக்கு அது டம்ளர் கடைதான். ஒருத்தர் வாய் வைத்ததில் இன்னொருத்தர் வாய் வைக்கமாட்டேன் என்று முதல் வாரமே தகராறு வந்தது. நம் ஊரில் வராமல் இருந்தால்தான் அதிசயம். "அவுகவுக டம்ளரை அவுகவுக கொண்டாங்க. ஆணி நான் அடிச்சுத் தாரேன்" என்றீர்கள்.

ஆளுக்கொரு டம்ளர் வந்து தொங்கியது. எல்லாம் பெண்டாட்டி சீராகக் கொண்டுவந்தவை. நம் பக்கத்தில் சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரைத்தானே வெட்டி அனுப்புவார்கள்? சுவர் முழுக்க எங்கள் தெருப் பெண்களின் பெயர். குடித்த ஒரு ஆண்பிள்ளையும் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு நாள் கணபதியின் பெண்டாட்டி கோபமாகப் பின்வாசல் வழியே வந்தாள். "என் பேரு வெட்டுன டம்ளரு. நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள். நீங்கள் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுத்தீர்கள். சாயங்காலம் கணபதி வந்து ஆணியைப் பார்த்து முழித்தபோது, "டம்ளர் இல்லியா, அப்ப இன்னைக்கு இல்ல. வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டீர்கள். மனுஷன் முனகிக்கொண்டே போனார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வீட்டில் சண்டை, பிள்ளைக்குக் காய்ச்சல், கையில் சம்பளம் என்றால் டம்ளர் வீட்டுக்குப் போய்விடும். டம்ளர் இல்லாதவருக்கு ஊற்றுவதில்லை. பிராந்தி விற்கிற மனிதரைக் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பெண்கள் அழைத்தது வேறெந்த ஊரில் நடந்திருக்கும்?

அப்படிப்பட்ட நீங்கள் ஏன் அன்றைக்கு ஊற்றினீர்கள் அண்ணே?

அரிசி ஆலையில் எடை போடுகிற கருப்பையா அண்ணன் வீட்டில், மூத்த பெண்ணுக்குப் பேசி முடித்த சம்பந்தம் அன்று காலையில் முறிந்துபோனது. அவர் பெண்டாட்டி செல்லம்மா மதினி அப்போதே ஓடிவந்து தன் டம்ளரை எடுத்துப்போனாள். சாயங்காலம் மழையில் நனைந்தபடி அவர் வந்து நின்றார். எதுவும் கேட்கவில்லை. ஆணியைப் பார்த்தார், அழுதார். நீங்களும் அழுதீர்கள். பிறகு நீங்கள் தண்ணீர் குடிக்கிற டம்ளரை எடுத்து அதில் ஊற்றிக் கொடுத்தீர்கள். திரும்பவும் ஒரு தடவை ஊற்றினீர்கள். பின்கட்டுக் கதவிடுக்கில் நின்று நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில், அவர் வீட்டுக்குப் போகிற வழியில் உள்ள ஊருணிப் படிக்கட்டின் கீழே அவரைக் கண்டெடுத்தார்கள். மழையில் படி வழுக்கியிருக்கிறது. டம்ளர் வீட்டில் இருந்ததால் நம் கடையை ஒருவரும் நினைக்கவில்லை. சாக்கோட்டை ரோட்டுச் சாராயக் கடைக்குப் போய்த் திரும்பியிருப்பார் என்று ஊரே முடிவு கட்டியது. நீங்கள் வாயைத் திறக்கவில்லை. என் கையை இழுத்து உங்கள் தலையில் வைத்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டீர்கள்.

அவருக்கு ஊற்றிய அந்த டம்ளரைப் பரணில் போட்டுவிட்டு, அதற்கப்புறம் உள்ளங்கையில்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள். கடைகளையெல்லாம் மூடச் சொல்லிச் சர்க்கார் உத்தரவு போட்டபோது, காரைக்குடியில் சந்தோஷப்பட்ட ஒரே கடைக்காரர் நீங்களாகத்தான் இருக்கும். பெண்கள் வந்து அவரவர் டம்ளரைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

ஆனாலும் விளக்கு வைக்கிற நேரத்தில் முன்கடைப் பலகை தட்டும் சத்தம் நிற்கவில்லை. "கருப்பையா வந்திருக்காரு" என்பீர்கள். காற்று என்று நான் சொல்வேன். நீங்கள் போன பிறகும் தட்டுகிறது. இப்போது அது அவரா, நீங்களா? எனக்குப் பயமாக இருக்கும். ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாளும் திறந்ததில்லை.

நேற்று படையலுக்குச் செல்லம்மா மதினி வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து, அன்றைக்கு எடுத்துப்போன தன் டம்ளரை எடுத்தாள்.

"அண்ணனுக்கு இதுல தண்ணி வையி மீனா. அவுக ஒரு சொல்லுல நின்ன மனுசன். நான்தான் பாவி. அன்னைக்கு இதை எடுக்காம இருந்திருந்தா, அந்த மனுசன் இங்கயே அளவாக் குடிச்சுட்டு வீட்டுக்கு வந்திருப்பாக. கண்ட கடைக்கு நான்ல வெரட்டி விட்டேன்."

இதை அவள் சொல்லிக் கேட்பது எனக்குப் புதிதில்லை. ஒவ்வொரு தடவையும் உங்கள் சத்தியத்தை நினைத்து வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். நேற்று உங்கள் படத்தைப் பார்த்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அவள் இன்னும் தினம் தினம் செத்துக்கொண்டிருக்கிறாள். யாரைக் காப்பாற்ற நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

பரணில் ஏறி உங்கள் டம்ளரை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அந்த டம்ளரைத் திருப்பி, வெட்டியிருந்த பெயரைத் தடவினாள். தாலி அறுத்து உங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கொண்டுவந்த சீர்ப் பாத்திரம் அது. என் பெயர்தான் இருந்தது.

"அப்ப அவுக சாக்கோட்டை ரோட்டுக்குப் போகலையா?"

"இல்ல மதினி. நம்ம கடையில இருந்து நேரா வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தாக."

"வீட்டுக்கா" என்றாள். எழுந்தாள். இலையில் கை வைக்காமலே, தன் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உங்களைத் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பலகை தட்டியது. ரேடியோவை வைக்கத்தான் எழுந்தேன் அண்ணே. ஆனாலும் எத்தனை நாளைக்கு ரேடியோவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது? போய்த் திறந்தேன்.

செல்லம்மா மதினிதான் நின்றாள். அழுது வீங்கிய கண். "அவுக கடைசியா வாய் வச்ச டம்ளரு. அதை எனக்குக் குடுத்துரு" என்றாள். கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். தன்னுடையதை என் கையில் தந்தாள். உங்களை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. அதை அவள்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கு என் வீட்டில் அவள் பெயரும், அவள் வீட்டில் என் பெயரும் இருக்கின்றன.

ஒரு சத்தியத்தை மீறிவிட்டேன். பதிலுக்கு இன்னொன்று செய்து தருகிறேன். உங்கள் படையலுக்கு இனி வருஷா வருஷம் செல்லம்மா மதினி டம்ளரில்தான் தண்ணீர் வைப்பேன். இன்னும் தாகம் தீராமல் நீங்கள் முன்கடையில் வந்து தட்டினால், ரேடியோவை வைக்கமாட்டேன். கதவைத் திறப்பேன். வாங்க. உள்ளங்கையை நீட்ட வேண்டாம் அண்ணே.

உங்கள் தலையில் கை வைத்த
தங்கச்சி மீனாட்சி