சாக்பீஸ் வேனில் மூன்று நாள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இது அப்பாவும் அம்மாவும் சொல்லி நான் எழுதும் கடிதம். இங்கே மூவரும் சுகம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை என்று அவர் சொல்கிறார், அதைப் பற்றிக் கீழே வரும். அங்கே நீயும் அண்ணியும் காய்ச்சல் இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போக வேண்டும் என்பதை முதல் வரியிலேயே எழுதச் சொன்னாள் அம்மா. இனி சங்கதிக்கு வருகிறேன். முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பிரேக். அப்பா ஹால் தரையில் சாக்பீஸால் வரைந்த வேனில், ஓட்டுபவர் காலடியில் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என்று மூன்று கட்டம் போட்டிருந்தார், அது சரி. பக்கத்து இருக்கையில், அம்மாவின் காலடியிலும் ஒரு கட்டம் போட்டிருந்தார். நீ அனுப்பிய படத்தில் அப்படி ஒன்று இல்லை. நான் கேட்கவில்லை.

அவர்களுடைய முப்பதாவது கல்யாண நாளுக்கென்று நீ அங்கே படுக்கையும் அடுப்பும் வைத்த வேன் ஒன்றைப் பன்னிரண்டு நாளைக்குப் பேசி வைத்து, மலையும் ஏரியுமாக இரண்டு பேரும் தனியாகச் சுற்றி வரட்டும், அப்பாதான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டராயிற்றே என்று எழுதியதிலிருந்து வீடு வீடாக இல்லை. அம்மா மறுநாளே ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் சொல்லிவிட்டாள். அங்கே இஸ்திரி போடும் அக்காக்கள், கேரவன் என்றால் சினிமாவில் நடிக்கப் போகிறீர்களா, எங்களுக்கும் ஒரு வேஷம் வாங்கிக் கொடுங்கள் என்று ஒரு வாரமாகக் கிண்டல் செய்கிறார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஊர் உலகத்தின் போர்வையைத் துவைக்கிறவள், யாரும் துணி துவைக்காத தண்ணீரை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்கிறாள். அப்பாவோ எடுத்தேன் கவிழ்த்தேன் என்று கிளம்ப முடியாது, முதலில் ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார். நீ எழுதிய அளவுப்படி வேன் பதினெட்டு அடி நீளம். நம் ஹால் பதினான்கு அடி. அதனால் வேனின் பின்பக்கம் சமையலறைக்குள் போய்விட்டது, படுக்கை அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் வந்தது. மூன்று நாள் நான் பாத்ரூமுக்கு வேனுக்குள் ஏறி இறங்கித்தான் போனேன். கதவைத் தட்டாமல் ஏறினால் அப்பாவுக்குக் கோபம் வரும். கதவு என்பது இரண்டு கோடு, அதைத் தட்ட நான் குனிந்து தரையைத் தட்ட வேண்டும்.

நீ அனுப்பிய ஏரிகளையும் மலைகளையும் பிரிண்ட் எடுத்து எதிர்ச் சுவரில் ஒட்டுவது என் வேலை. அரை மணிக்கு ஒரு தரம் ஏரியை எடுத்துவிட்டு மலையை ஒட்டுவேன். அப்பா சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து, தட்டு ஒன்றைக் கையில் பிடித்து, இரண்டு மணி நேரம் அசையாமல் ஓட்டினார். மூன்றாவது ஏரி நீலமாக அழகாக இருந்தது, இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள் என்றாள் அம்மா. கண்ட இடத்தில் நிறுத்தக் கூடாது, அட்டவணையில் இந்த ஏரிக்கு இருபது நிமிஷம், அதுவும் நாலரைக்குத்தான் என்றார் அப்பா. அம்மா எழுந்து கோட்டைத் தாண்டிச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஓடுற வண்டியிலிருந்து இறங்குறியே, அறிவிருக்கா, நடு ஏரியில நிக்கிற" என்றார். "எனக்கு நீச்சல் தெரியும், நீங்க நாலரைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா அங்கேயே நின்று காய் நறுக்கினாள். அன்றைக்கு அடுத்த மலையை ஒட்டுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டு உனக்குக் கடிதம் எழுதச் சொன்னார். முழங்கால் வலிக்கிறது, இது மாணவர்கள் சேரும் மாதம், அம்மாவுக்குக் குளிர் ஆகாது, அதனால் நீயும் லீவு போட்டுவிட்டு வேனில் கூட வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் என்று எழுதச் சொன்னார். உனக்கு லீவு கிடையாது என்பது அவருக்குத் தெரியும். இந்த மாதக் கடைசிக்குள் படிவம் வராவிட்டால் வேனை வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள் என்று நீ எழுதியதும் தெரியும். அம்மா துணி மடித்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே திரும்ப உதறி மடித்தாள். அப்புறம் அப்பாவிடம், "கடைசியா நீங்க எப்ப வண்டி ஓட்டினீங்க?" என்று கேட்டாள். "தினமும் பத்து மணி நேரம் வண்டியிலதான் இருக்கேன்" என்றார். "இருக்கிறது தெரியும், ஓட்டினது எப்ப?" என்றாள்.

அண்ணா, நம் யாருக்கும் இது தோன்றவே இல்லை பார். சாயங்காலம் கடைசி மாணவர் காரை ஓட்டி வந்து வாசலில் விடுவார், காலையில் முதல் மாணவர் எடுத்துப் போவார். நடுவில் அப்பா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பயிற்சி வண்டியில் அந்தப் பக்கமும் வைத்திருக்கிற தனி பிரேக்கில் கால் வைத்திருப்பார். இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நம் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸில் உட்கார்ந்து மாணவர்களின் படிவங்களை நிரப்புகிறேன், ஓட்டியவர் பெயர் என்று வாராவாரம் எழுதுகிறேன், அதில் ஒரு தரம்கூட அப்பா பெயரை எழுதியதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கும் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா குளித்து, புதுச் சேலை கட்டி, காரின் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஊருக்கு வெளியே இருக்கிற நீர்த்தேக்கம் வரைக்கும் போய் வரலாம், பதினோரு கிலோமீட்டர்தான், அதை ஓட்டிவிட்டு முழங்காலைப் பற்றி எழுதுங்கள் என்றாள். அப்பா டயரைப் பார்த்தார், எண்ணெயைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். காரின் கூரையில் இருக்கிற பயிற்சி வண்டி என்ற பலகையைக் கழற்றப் பார்த்தார், துருப்பிடித்து வரவில்லை. வேறு வழியில்லாமல் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். தெருமுனையில் ஒரு தரம் எஞ்சின் நின்றது, பெட்ரோல் பங்க் பக்கத்தில் ஒரு தரம் நின்றது. ரவுண்டானாவில் நட்டநடுவில் நின்றபோது பின்னால் ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்த்தேன், பல் டாக்டர். நம்மிடம் அறுபத்திரண்டு வகுப்பு படித்து நாலாவது தரம் தேறினாரே, அவர்தான். கிளட்சை விடுவது தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி என்று அப்பா அவரிடம் கத்தாத நாள் கிடையாது. டாக்டர் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு ரொம்ப மரியாதையாக, "மாஸ்டர், குழந்தையை மெதுவாப் போடுங்க" என்றார். ரவுண்டானாவில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

அப்பா கையை எடுத்துவிட்டார். "கால் நடுங்குதுடி, உன் பக்கத்து பிரேக்கில கால வச்சுக்கோ" என்றார். அம்மா செருப்பைக் கழற்றினாள். பிறகு இரண்டு காலையும் தூக்கி இருக்கை மேல் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். "நடுங்கட்டும், ஓட்டுங்க" என்றாள். பின்னால் ஏழெட்டு வண்டி சேர்ந்துவிட்டது. அப்பா அம்மாவின் காலையே பார்த்தார், அப்புறம் ரோட்டைப் பார்த்தார், வண்டி கிளம்பியது. அதற்குப் பிறகு நிற்கவில்லை என்று சொன்னால் பொய், இன்னும் இரண்டு தரம் நின்றது. ஆனால் போய்ச் சேர்ந்தோம். நீர்த்தேக்கத்தில் துணி துவைக்கக் கூடாது என்று பெரிய பலகை வைத்திருக்கிறார்கள், அந்தப் பலகையின் மேலேயே ஒரு போர்வை காய்ந்துகொண்டிருந்தது. அம்மா அதை விரல் வைத்துத் தொட்டுப் பார்த்து, சரியாக அலசவில்லை என்றாள். வரும்போதும் அப்பாதான் ஓட்டினார், அம்மா வழி முழுக்கச் சம்மணத்திலேயே தூங்கிவிட்டாள்.

மற்றபடி வேறு விசேஷம் இல்லை. ஹாலை நான் கழுவிவிட்டேன். அண்ணிக்கு மணிக்கட்டு வலி என்று எழுதியிருந்தாயே, ஈரத் துணியைப் பிழிகிற வேலையை நீ செய், உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்று அம்மா சொல்கிறாள். வேனுக்கு டயர் காற்று எவ்வளவு, உதிரிச் சக்கரம் எங்கே இருக்கும் என்று விசாரித்து எழுது என்று அப்பா சொல்கிறார். முழங்காலைப் பற்றி எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன், அது இப்போது எப்படி இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் சேர்ந்து சிரித்துக்கொண்டு நெடுநாள் இருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறார்கள். மறக்காமல் காதை மூடிக்கொள்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா, அம்மா

அண்ணா, கையெழுத்துப் போட்ட பிறகு இதை நானாக எழுதுகிறேன். அப்பா வேனுக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டு, மீதியை நீயே பார்த்து நிரப்பு என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஓட்டுபவர் என்ற இடத்தில் அவருடைய பெயரை முழுதாக எழுதினேன். அதற்குக் கீழே இரண்டாவதாக ஓட்டுபவர் என்று ஒரு கோடு இருந்தது. அதில் இல்லை என்று எழுதினேன்.