கற்பூரம் மணத்த மஞ்சள்

இன்று காலை கடையில் சுக்குப் பொடி மூட்டையைப் பிரித்ததும், முதல் வேலையாகக் குனிந்து கற்பூர நெடி அடிக்கிறதா என்று மோந்து பார்த்தேன். நீ இறந்துபோய் ஒரு வருடமாகிறது. இந்தப் பழக்கம் மட்டும் என்னை விடவில்லை.

சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் ஒரே அடுக்குமாடி புளோக்கில் வளர்ந்தவர்கள் நாம். லிட்டில் இந்தியாவில் நீ மில் வைத்தாய், நான் கடை வைத்தேன். ஈரோட்டுப் பக்கமிருந்து விரலி மஞ்சள் வரும். நீ அரைப்பாய், நான் விற்பேன். நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது? ஒருமுறை அந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்தவன், "விளைய வைக்கிறது அவங்க, அரைச்சு லாபம் பாக்குறது நாமளா? அங்கயே அரைக்கட்டும் லா" என்றாய். சொன்னதோடு நின்றாயா? உன் இயந்திரத்தைக் கழற்றிக் கப்பலேற்றி, அங்கே மஞ்சள் பயிரிடும் பெண்கள் தொடங்கிய அரைவைக் கூடத்துக்கே அனுப்பிவிட்டாய். பைத்தியக்காரா என்று திட்டினேன்.

அவர்கள் அரைத்த முதல் பொடி வந்தது. மூட்டையைத் திறந்தால் கோயில் வாசம். இயந்திரத்துக்குக் கண்பட்டுவிடக் கூடாதென்று கற்பூரத்தைத் துணியில் முடிந்து, பொடி ஆறும் அறையிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். குழம்பில் போட முடியுமா அதை? "போதும்டா, பழையபடி விரலியே வரட்டும்" என்றேன். அதை அரைக்க உன்னிடம் இயந்திரம் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

நீயோ அத்தனை மூட்டையையும் அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு, என் எதிரிலேயே ஊருக்குப் போன் போட்டாய்.

"எல்லாத்தையும் கெடுத்துப்போட்டமுங்க" என்று ஒரு பெண் அழுதார்.

"கெடலம்மா, சாமிக்குப் போயிருக்கு. கற்பூரத்த வாசலுக்கு வெளிய கட்டுங்க. அடுத்த லோடு எப்ப?"

உன் பிழைப்பே அந்தப் பொடியை நம்பி நின்ற நேரம் அது.

போன மாதம் அங்கே போயிருந்தேன். நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மஞ்சள் வேகிறது, ஒரு பக்கம் காய்கிறது, உள்ளே புது இயந்திரங்கள் ஓடுகின்றன. வேலை தேடித் திருப்பூர் போன பெண்கள் சிலர் திரும்பி வந்து பொட்டலம் கட்டுகிறார்கள். நடுவில் உன் பழைய இயந்திரம், இன்னும் அரைத்துக்கொண்டு! வாசலுக்கு வெளியே கற்பூர முடிச்சு. ஒருவன் தன் பிழைப்பைக் கழற்றிக் கொடுத்ததில் இவ்வளவு நடக்குமா என்று மலைத்து நின்றேன்.

சுக்குப் பொடி அவர்களுக்குப் புதிது. இன்றைய மூட்டையில் கற்பூரம் இல்லை. ஆனால் ஈரம் பட்டுப் பாதி கட்டி தட்டியிருந்தது. திட்டுவதற்குத்தான் போனை எடுத்தேன். அன்று அழுத அந்தப் பெண் பதறி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.

"பரவால்லம்மா, நல்லாக் காய வைங்க" என்றேன். "அடுத்த லோடு எப்ப?"