நாம் எடுத்த வெற்றிலை

டீச்சர்,

நேற்று நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு வீட்டில் வெற்றிலைத் தட்டை நீட்டினார்கள். சந்தன வாசனையும் பாக்கு வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதுதான் தெரியும், என் கை தானாகப் போய்ப் வெற்றிலை எடுக்கக் கை நீட்டிய சின்ன டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. அவளுடைய பள்ளியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும், "தனியா போக பயமா இருக்குங்க மேடம்" என்று என்னிடம் வந்தாள். அன்று உங்களோடு வந்தது மாதிரி, ஓய்வு பெற்ற இந்தக் காலோடு அவளுடனும் போனேன்.

எண்பதுகளில், கடத்தூர் பக்கம் நாம் இருவரும் வேலை பார்த்த பள்ளியில், அந்தப் பொறுப்புக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. "பொம்பளப் புள்ளைங்க சமாச்சாரமெல்லாம் நீங்களே பாத்துக்கங்க டீச்சர்" என்று உங்கள் தலையில் கட்டிவிட்டு ஹெட்மாஸ்டர் பேப்பர் படிக்கப் போய்விட்டார். மகராசன்!

எட்டாவது படித்த காவேரி திடீரென்று பள்ளிக்கு வரவில்லை. தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் கொதித்துப்போனீர்கள். "அவன் மீசையும் அவனும்! புள்ள இன்னும் பாண்டி ஆடிக்கிட்டு இருக்குது. வாங்க டீச்சர், நேர்லயே கேட்டுடலாம்."

வீடு நிறைய உறவுக்காரர்கள். நீங்கள் சொன்னதையெல்லாம் காவேரியின் அப்பா கைகட்டிக் கேட்டார். "டீச்சரம்மா சொன்னா சரிங்க. புள்ள படிச்சு முடிக்கட்டும்." நமக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கிளம்பும்போது அவள் அம்மா தட்டை நீட்டினாள். வீட்டுக்கு வந்த பெண்களை வெற்றிலை பாக்குக் கொடுத்துத்தானே அனுப்புவார்கள்? எடுத்துக்கொண்டோம்.

அது அன்று காலையில் மாப்பிள்ளை வீட்டாரோடு மாற்றிக்கொண்ட நிச்சயத் தட்டு. பொழுது சாய்வதற்குள், "டீச்சருங்களே சபையில வெத்தல எடுத்துட்டாங்க, அப்பறம் என்னங்க?" என்று ஊரே பேசியது. தருமபுரிக்கு பஸ் ஏறிப் போய் முறையிட்டீர்கள். அங்கிருந்த அதிகாரி சிரித்தார். "நிச்சயத்துல வெத்தல வாங்கிட்டு, இப்ப நிறுத்துன்னா எப்படிம்மா?" திரும்பி வந்தால் ஹெட்மாஸ்டர், "நானா உங்களப் போகச் சொன்னேன்?" என்றார். அந்த ஆளை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

கல்யாணம் முடிந்து, பள்ளிப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கக் காவேரி வந்தாள். கழுத்தில் ஈரம் காயாத மஞ்சள் கயிறு. புத்தகங்களை உங்கள் மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"நீங்க எடுக்க மாட்டீங்கன்னு நெனச்சனுங்க டீச்சர்."

தலைப்பிரசவத்தில் போய்விட்டாள். அழுவதற்குக்கூட நமக்கு அந்த வாசலில் இடமில்லை. அதன்பிறகு நீங்கள் யார் வீட்டு வெற்றிலையையும் தொடவில்லை. உங்கள் மகன் கல்யாணத்திலேயே தட்டைத் தள்ளிவிட்டீர்கள். சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தார்கள். ஏனென்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்றும் நாங்கள் தட்டைத் தொடாததில் அந்த ஒன்பதாவது படிக்கிற பெண்ணின் அப்பன் முகம் சுண்டிப்போயிற்று. "மரியாதைக்குத்தானுங்க குடுத்தாங்க?" என்று பஸ்ஸில் சின்ன டீச்சர் கேட்டாள். உங்கள் கதையைச் சொன்னேன். தருமபுரியில் இறங்கியதும், "கலெக்டர் ஆபீஸ்லயே சொல்லிடலாங்க மேடம்" என்றாள். நாளைக் காலையில் இரண்டு பேரும் கலெக்டர் ஆபீஸ் போகிறோம். கல்யாணம் நின்றுவிடும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் டீச்சர், நாங்கள் படியிறங்கும்போது அந்தப் பெண் கதவோரம் நின்று எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு வந்தேன்.