ஓமப் புகைக்குக் கட்டின பை

செவ்வாய், இரவு.

டோர்வல் பக்கம் வேலை முடிச்சு மத்தியானம் வீட்டுக்குள்ளை கால் வைக்க, எங்கடை தொண்டர் தீயணைப்புக் குழுவிலை இருந்து அழைப்பு. போன கிழமை புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போன அதே வீடு. அடுப்பிலை எண்ணெய் பத்தியிருக்கு. கைக்குழந்தை மேல்மாடியிலை நித்திரை. புகையைக் கண்டு எங்களுக்குப் போன் அடிச்சது பக்கத்து வீட்டு மனிசி.

கெதியா அணைச்சிட்டம். ஆனால் புகை அலாரம் ஏன் கத்தேல்லை? குடிபூரலண்டு ஓமப் புகைக்குக் கத்தாமல் இருக்க அதுக்குக் கட்டின பொலித்தீன் பை அப்பிடியே கிடந்தது. பிச்சுக் கொண்டுபோய் எங்கடை குழுக் கப்டனிட்டைக் காட்டினன்.

"எங்கடை பிள்ளையெண்டு பாத்தால், அந்த வெள்ளைக்காரருக்கு முன்னாலை எங்களை வெக்கப்படுத்திப்போட்டாய்" எண்டார் வீட்டுக்கார அண்ணை.

அண்டைக்கு அந்தப் பைக்குக் கீழை இருந்துதான் நானும் வடை சாப்பிட்டனான். நிமிந்து பாக்கேல்லை. அதுதான் எனக்கு வெக்கம்.

அந்த அண்ணையிட்டை நான் மன்னிப்புக் கேக்கட்டாம். அம்மா பின்னேரம் துவங்கினவ, இன்னும் விடேல்லை. கேக்க மாட்டன்.

வாற ஞாயிறு அடுத்த தெருவிலை இன்னொரு குடிபூரல். போவன். ஐயர் ஓமத்தை முடிச்சு எழும்ப, எல்லாருக்கும் முன்னாலை பட்டுச்சீலையோடை கதிரையிலை ஏறி அலாரத்திலை கட்டின பையை அவிழ்ப்பன். வெக்கப்படுறவை கண்ணை மூடட்டும்.