பைன் காட்டுக்கு ஒரு சைக்கிள்

என் கதிர்க் கண்ணுக்கு,

நான் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். சிரிக்காதே. உடுமலையில் ஸ்கூல் முடித்த பிறகு பெடலில் கால் வைக்காதவள் உன் அக்கா. இப்போது கடல் தாண்டி வந்து இந்த ரவுண்ட் ராக் ஊரில் தினமும் ஆபீசுக்கு அதில்தான் போகிறேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். உன் மருமகள் நிலா, தோழிகள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

எதற்காக வாங்கினேன் என்பதை உனக்குச் சொல்லவேண்டும். பாதிக் கதை உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் முதலிலிருந்தே சொல்கிறேன். யாரிடமாவது வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே கோர்வையாகிறது.

நீ போன பிறகு, முத்து சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். நான் நம்பவில்லை. உன்னோடு ஒரே அபார்ட்மென்ட்டில் இருந்தவன், ஒரே ஆபீஸ், திருநெல்வேலிப் பையன். ஒரு கார்தான் உங்கள் இருவருக்கும் இருந்தது. ஆபீசுக்கும் ஆச்சு, மான் வேட்டைக்கும் ஆச்சு என்று ஆளுக்கொரு மவுண்டன் பைக் வாங்கினீர்கள். கிழக்கே அந்தப் பைன் காட்டில் கேட்டுக்கு அப்பால் கார் போகக் கூடாது, நடந்தோ சைக்கிளிலோதான் போகவேண்டும் என்று நீதான் எனக்குச் சொன்னாய்.

முத்து சொன்னது இதுதான். விடிகிற நேரத்தில் நீ மரத்தில் கட்டியிருந்த பரணில் ஏறினாய். பரணைக் கட்டியிருந்த பட்டை அறுந்து விழுந்தாய். அவன் அந்த நிமிஷமே சைக்கிளை எடுத்தான். ஆனால் வழியெல்லாம் மணல், டயர் புதைந்தது, தள்ளிக்கொண்டே ஓடினான். காட்டில் போன் சிக்னல் கிடையாது, கேட்டுக்கு வந்து காரை எடுத்து, ஹைவே ஓரத்துப் பெட்ரோல் பங்க்குக்கு வந்து போன் பண்ணும்போது மத்தியானம். ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது நீ உயிரோடு இல்லை.

ஷெரீஃப் ஆபீஸ் போலீசார் விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். எனக்குத்தான் அது முடியவில்லை. சைக்கிளில் ஏறியவனுக்கு ஏன் மத்தியானம் ஆயிற்று? உன் உடுப்பை என்னிடம் கொடுத்தார்கள். அதில் சிவப்புப் புழுதிதான் இருந்தது. மணலில் விழுந்தவன் சட்டையில் ஒரு பொட்டு மணல் இருக்காதா?

முத்து அந்த வாரமே தன் சைக்கிளை விற்றான். காரியத்துக்கு வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. அடுத்த மாதம் சான் ஹோசேவில் வேலை என்று கிளம்பிவிட்டான். நீயே சொல், யாராக இருந்தாலும் சந்தேகம் வருமா வராதா?

உன் சைக்கிளையே எடுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் உயரத்துக்கு வாங்கியது, எனக்குக் கால் தரையில் எட்டவில்லை. "நடந்தே போயிட்டு வந்தரலாமே சாந்தா, இதுக்குன்னு ஒரு சைக்கிளா?" என்றார் நிலாவின் அப்பா, உன் மாமா. நடந்து போய் எனக்கு என்ன தெரியும்? அந்த வழியில் சைக்கிள் எப்படிப் போகும் என்பதுதானே என் கேள்வி.

"ஆபீசுக்கும் அதுலயே போய்க்கறேனுங்க. வேஸ்ட் ஆகாது" என்றேன்.

முதலில் பெரிய கடைக்குப் போனோம், டயப்பரிலிருந்து டிவி வரை எல்லாம் விற்கிற கடை. முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்து, மின்னல் படம் போட்ட சைக்கிள்கள் வரிசையாக நின்றன. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. அதுவே எனக்கு இடித்தது. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், அரிசி மூட்டை மாதிரி கனத்தது. பூட்டிய கேட்டைத் தாண்டி இதை நான் எப்படித் தூக்கிப் போடுவேன்? ஹேண்டில்பாரை அழுத்தினால் ஸ்பிரிங் உள்ளே போய், வரவே யோசித்தது. வெளியே வந்துவிட்டோம்.

பிறகு ஆஸ்டினில் யூனிவர்சிட்டி பக்கம் பழைய சைக்கிள் விற்கிற ஒரு கடை. நரைத்த முடியைக் குடுமியாகக் கட்டிய ஒரு வெள்ளைக்காரர். எதற்கு வேண்டும் என்று கேட்டார். "வாரத்தில் ஆபீசுக்கு. லீவு நாளில் காட்டுக்கு, வேட்டைக்கு" என்றேன். நெற்றியில் பொட்டோடு நிற்கிறவள் இப்படிச் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. அதனாலேயே அவர் மேலும் ஒரு கண் வைத்தேன்.

"குறைந்த விலையில் முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் வாங்காதீர்கள், வெறும் கனம்தான்" என்றார். "சாதா ஃபோர்க், இரும்பு ஃபிரேம், பின்னால் கேரியர் மாட்ட ஓட்டை. திங்கட்கிழமை ஆபீஸ் பை, சனிக்கிழமை மான்கறி. முக்கியமாகச் சத்தம் போடாத பிரேக். நீங்கள் மானைப் பார்ப்பதற்குள் அது அந்தச் சத்தத்தைக் கேட்டுவிடும்."

ஸ்பிரிங் வேண்டாம், சாதாவே போதும் என்கிற கடைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. எதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் மங்கிய பச்சையில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். படிப்பு முடித்துப் போன பெண் விற்றுவிட்டுப் போனதாம். திருட்டு வண்டியாக இருந்தால்? அங்கேயே தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் நம்பர் சுரண்டியிருக்கிறதா என்று பார்த்தேன். உன் மாமா கூச்சத்தில் வாசலுக்குப் போய்விட்டார். நம்பர் சுத்தமாக இருந்தது.

"நல்லது. எல்லோரும் இப்படிப் பார்க்கவேண்டும்" என்றார் அந்த மனிதர்.

பார்க்கிங்கில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். கால் எட்டியது. இடுப்பு உயரக் கம்பித் தடுப்புக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கினேன், முடிந்தது. டயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார், நடுவில் வழவழப்பு, ஓரத்தில் கட்டை கட்டையாக, ரோட்டுக்கும் மண்ணுக்கும் ஒத்துப்போகிற மாதிரி. எல்லோரையும் சந்தேகப்படுகிற என்னை, கடைசியில் அந்த மனிதர் ஏமாற்றவில்லை.

ஆபீசுக்கு ஓட்டி ஓட்டிக் கால் பழகிய பிறகு ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். உன் மாமா கேட் வரைக்கும் காரில் கொண்டுவந்து விட்டார். மழை இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போனேன், உன் நாளும் அப்படித்தானே இருந்தது. சைக்கிளைக் கேட்டுக்கு மேலே தூக்கிப் போட்டு ஏறினேன்.

வழி சிவப்புக் களிமண், கட்டாந்தரை. மேலே பைன் ஊசி மெத்தையாகக் கிடந்தது. டயர் சரசரவென்று போயிற்று. ஒவ்வொரு வளைவிலும் மணலைத் தேடினேன், கண்ணு. முதலில் அவன் பொய்யைப் பிடிக்கத்தான் தேடினேன். போகப் போக, ஐயோ, கொஞ்சமாவது மணல் இருந்துவிடக் கூடாதா என்று ஆகிவிட்டது. கடைசி வரை இல்லை.

ஷெரீஃப் ஆபீசில் சொன்ன அடையாளத்தில் உன் மரம் நின்றது. அறுந்த பட்டை இன்னும் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் கொதித்தது. திரும்பி ஒரே மூச்சில் கேட்டுக்கு வந்தேன். உன் மாமா கொண்டுவந்த பேப்பரைக் கூட இன்னும் படித்து முடிக்கவில்லை.

"மணலே இல்லீங்க. அவன் பொய் சொல்லியிருக்கான்" என்றேன்.

அவர் பேப்பரை மடித்துவைத்தார். "இப்ப என்ன பண்ணப்போற?" என்று மட்டும் கேட்டார்.

சான் ஹோசேவுக்குப் போன் போட்டேன். "முத்து, நான் அங்க போயிட்டு வந்தேன். சைக்கிள்ல போனேன்" என்றேன். "நான் நேர்ல வாரேங்க்கா" என்றான். மறு வாரம் ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்து என் கிச்சனில் உட்கார்ந்தான். பாதியாக இளைத்திருந்தான். தண்ணீர் கூடக் கொடுக்காமல் எதிரில் நின்றேன்.

"நான் உடனே போவலக்கா" என்றான். "சைக்கிள எடுத்தேன். அவன் என் கையப் புடிச்சிக்கிட்டான். 'போகாதடா, என்னய இங்க தனியா உட்டுட்டுப் போகாத'ன்னான். ஒரு தடவ கைய உருவிப் பாத்தேன். பயந்துட்டான்க்கா. அவன் அப்பிடிப் பயந்து நான் பாத்ததே இல்ல. உக்காந்துட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"அவன் கை தளர்ற வரைக்கும். அப்புறமும் கொஞ்ச நேரம். எனக்கு எந்திரிக்க முடியல."

"அப்புறம் எதுக்கு மணல்னு சொன்னே?"

"ஓடுனேன், முடியலன்னு சொன்னா, முயற்சி பண்ணுனான்னாவது நெனப்பீங்க. சும்மா உக்காந்திருந்தேன்னு உங்க அப்பாகிட்ட நான் எந்த வாயால சொல்லுவேன்?"

இதையும் நான் உடனே நம்பிவிடவில்லை. ஒரு பொய்யை அழகாகச் சொன்னவன் இரண்டாவதை இன்னும் அழகாகச் சொல்ல மாட்டானா? பயந்து எங்கேயாவது ஒளிந்திருந்துவிட்டு, இப்போது கையைப் பிடித்த கதை சொல்கிறானோ? அதனால் கேட்டேன்.

"கடைசியா என்ன சொன்னான்? என்னைப் பத்தி எதாவது சொன்னானா?"

"இல்லக்கா" என்றான். "குளுருதுன்னான். ஷூவக் கழட்டுன்னான், கழட்டுனேன். மரத்தக் கெட்ட வார்த்தையில திட்டுனான். உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலக்கா."

அப்போதுதான் நான் உட்கார்ந்தேன். பொய் சொல்ல வந்தவனாக இருந்தால் எனக்கென்று ஒரு நல்ல வார்த்தை கொண்டுவந்திருப்பான். 'அக்காவைப் பார்த்துக்கோ' என்றாவது. அவன் கையில் எதுவும் இல்லை. உன் கோபத்தையும் உன் குளிரையும் அப்படியே கொண்டுவந்து வைத்தான். பயந்தால் திட்டுகிறவன்தானே நீ, சின்ன வயதிலிருந்தே.

ஓடியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? முத்துவும் தினமும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறானாம். உள்ளே எல்லாம் நொறுங்கிவிட்டது, எப்படியும் கஷ்டம்தான் என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். ஆனால் அந்த நிமிஷத்தில் அவனுக்கு அது தெரியாதே. கையை உதறிவிட்டு அவன் ஓடி, நீ தனியாகப் போயிருந்தால் அவனை மன்னித்திருப்பேனா? தெரியவில்லை, கண்ணு. நீ சொன்னால்தான் உண்டு.

அவன் மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. பாதி போயிருக்கிறது. அன்றைக்கு ரசம் வைத்துச் சோறு போட்டேன். இரண்டு தட்டுச் சாப்பிட்டான், அழுதுகொண்டே. ஞாயிற்றுக்கிழமை சான் ஹோசேவுக்குக் கிளம்பும்போது, "அடுத்த வருஷம் நானும் ஒரு சைக்கிள் வாங்குதேங்க்கா. அந்தக் காட்டுக்கு ஒரு நாள் சேந்து போவோமா?" என்றான். பார்க்கலாம் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஊரில் அப்பா இன்னும், "பாவம், அந்தப் பையன் மணல்ல சைக்கிளத் தள்ளிட்டே ஓடினானாமா" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தை மாதம் நான் ஊருக்குப் போகிறேன். முத்து சொல்லவேண்டாம், நானே சொல்கிறேன். யாரும் ஓடவில்லை அப்பா, உங்கள் மகன் போகும்போது அவன் கையை ஒருவன் பிடித்துக்கொண்டிருந்தான் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
சாந்தாமணி அக்கா