முதல் வரிக்கே எழுந்து நின்றோம்

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு, தூத்துக்குடியிலிருந்து ஜெயசிங்கின் ஸ்தோத்திரம்.

வால்பாறைக் குளிரில் அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? இங்கே வெயிலில் நான் பாதி கருவாடு. மீதியும் சீக்கிரம் காய்ந்துவிடும்.

சனிக்கிழமை துறைமுக மன்றத்தில் கொச்சியிலிருந்து வந்த ராக் இசைக்குழு வாசித்தது. சித்தப்பா கூட்டிப்போனார். கிட்டார்காரர்கள் ஓரத்தில், பியானோ நடுவில். பியானோக்காரர் ஒரு வரியை மெதுவாக வாசித்து நிறுத்தினார். கோயிலில் ஞாயிறு ஆராதனையில் ஆர்கன் முதல் வரியை வாசித்ததும் பாட எழும்புவோமே, அதேபோல எங்கள் வரிசை முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. "ஏலே, பாட்டு நம்பர் என்ன?" என்றார் சித்தப்பா. பின்னாலிருந்து, "அண்ணாச்சி, உக்காருங்க, மறைக்குதுல்லா" என்று சத்தம். பியானோக்காரர் அதை மரியாதை என்று நினைத்துத் தலை வணங்கினார். அடுத்து டிரம்ஸ் இடியாய் முழங்கியது. மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். என்னால் முடியவில்லை.

கச்சேரி முடிந்ததும் பியானோக்காரரிடம் கேட்டு, அம்மா சொல்லித்தந்த கீர்த்தனையை வலது கையால் வாசித்தேன். "இடது கைக்கு லீவா?" என்றார்.

இனி லீவு கிடையாது. ஆபீஸ் விட்டதும் இங்குள்ள கோயிலில் ஆர்கன் வாசிக்கும் அற்புதமணி டீச்சரிடம் படிக்கிறேன். அதனால் அப்பா, ஆசிரியர் பயிற்சிக்கு எனக்காக விண்ணப்பம் போடவேண்டாம். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

அம்மாவின் பாட்டுப் புத்தகத்தை அனுப்புங்கள். என் பழைய தலையணை உறையையும் அனுப்புங்கள், துவைக்காவிட்டாலும் சரி. திட்டியாவது எழுதுங்கள். தபால்காரர் என்னைக் கண்டாலே பாவம் பார்த்து வேறு தெருவில் போகிறார்.

இதைத் தபாலில் போட சித்தப்பா செருப்பை மாட்டிவிட்டார். கடிதத்தை நிறுத்துகிறேன், பியானோவை நிறுத்தமாட்டேன்.

உங்கள்
ஜெயசிங்